சன்னலோரத்துக் கொடி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு புட்டித் தண்ணீரில் அடங்கிவிடக் கூடியது. சென்னையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வீட்டுச் சன்னலோரத்தில், மாடிப்படியின் வளைவில், மருந்துக்கடை மேசையின்மேல் என்று எங்கும் காணப்படும் ஒரு கொடியை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். இதய வடிவான பச்சை இலை. அந்தப் பச்சையின்மேல் யாரோ மஞ்சள் நீரைக் கைதவறித் தெளித்துவிட்டாற்போன்ற கோடுகளும் திட்டுகளும். மணி பிளாண்ட் என்று நாம் அதனை அழைக்கின்றோம். பெயரில் உள்ள 'மணி' ஆங்கிலத்தில் பணத்தைக் குறிப்பது. ஆனால் என் தாயார் அதனை மணிச்செடி என்றே சொல்லிவந்தார். அவர் எண்ணியது கோயில் மணியையா, கழுத்தில் கோக்கும் மணியையா என்று நான் கேட்டதில்லை.

தொடங்குமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகின்றேன். இருபத்தெட்டு ஆண்டுகள் கல்லூரி மாணவர்களுக்குத் தாவரவியல் கற்பித்தவன் நான். அத்தகைய நான், எங்கள் வீட்டில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்த இந்தச் செடியை என் கையாலேயே கொன்றேன். பிறகு அது திரும்பி வந்தது. அது திரும்பி வந்த விதத்தைச் சொல்ல வேண்டுமானால், அது வீட்டுக்கு வந்த விதத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

1983ஆம் ஆண்டில் நாங்கள் ஆவடியில் வாடகை வீடு ஒன்றில் குடியிருந்தோம். எதிர்வீட்டு அம்மையார் தம் சன்னல் கம்பிகளில் இக்கொடியைப் படரவிட்டிருந்தார். என் தாயாருக்கு அதன்மேல் ஆசை. ஒருநாள் சென்று கேட்டார். "எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா. ஆனால் இதைக் கேட்டு வாங்கி வைத்தால் வளராது என்பார்கள். நான் உள்ளே போய்விடுகிறேன், எனக்குத் தெரியாமல் கிள்ளிக்கொண்டு போய்விடுங்கள்" என்றார் அந்த அம்மையார்.

திருடி வைத்த மணி பிளாண்ட்தான் தழைக்கும், திருடி வைத்த வீட்டில்தான் செல்வம் சேரும் என்னும் இந்த நம்பிக்கையை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். என் தாயார் உடன்படவில்லை. "திருடினால்தான் வரும் என்றால் அது எங்களுக்கு வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார். கையோடு கொண்டுபோயிருந்த ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொடுத்து, அந்த அம்மையாரின் கையாலேயே ஒரு துண்டு வாங்கிவந்து, கழுவி வைத்திருந்த ஹார்லிக்ஸ் புட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் வைத்தார். செடி நன்றாகவே தழைத்தது. செல்வம் மட்டும் சேரவில்லை. அதற்கு என் தந்தையாரின் சம்பளமும், பின்னர் என் சம்பளமுமே போதிய காரணங்கள்.

1996ஆம் ஆண்டில் வெள்ளானூரில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு வந்தோம். ஆவடிக்கு வடக்கே, செங்குன்றம் ஏரி இருக்கும் திசையில் உள்ள ஊர் அது. சாமான்கள் வண்டியில் வந்தன. ஹார்லிக்ஸ் புட்டி மட்டும் என் தாயாரின் மடியில் வந்தது. 2003இல் அவர் காலமானார். புட்டி சன்னலிலேயே இருந்தது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் செங்குன்றம் ஏரி வறண்டு, சென்னை மாநகரமே குடங்களோடு லாரிகளுக்குக் காத்து நின்றதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் வாயிலில் நின்ற மல்லிகை அந்த ஆண்டுதான் பட்டுப்போயிற்று. புட்டியில் இருந்த கொடியோ, அரை டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் இலைவிட்டுக் கொண்டிருந்தது.

இத்தனை பொறுமை அதற்கு எங்கிருந்து வந்தது? அதன் பிறப்பிடத்தை நோக்கினால் விளங்கும். பசிபிக் மாக்கடலில், பிரெஞ்சு பாலினீசியா என்று வழங்கும் தீவுக் கூட்டத்தில் மோரேயா என்றொரு தீவு உண்டு. அதுவே இக்கொடியின் தாயகம் என்பர் தாவர நூலார். அங்கே அது பெருமரங்களின் அடியில், வெயில் வடிகட்டி இறங்கும் அரைநிழலில் முளைத்து, மரத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும் கொடி. காட்டின் தரையில் வெளிச்சம் குறைவு. ஆகவே குறைந்த வெளிச்சத்தில் காலந்தள்ளும் பழக்கம் அதன் பிறவிக் குணம். நம் வீட்டுக் கூடம் அதற்கு ஒரு சிறு காடு. வெயில் நேராக விழும் மொட்டைமாடியில் வைத்தால் இலை தீய்ந்துபோவதும் இதனால்தான். கிழக்குச் சன்னலின் காலை வெளிச்சம் அதற்கு மிகப் பிடித்தமானது. மிகவும் இருண்ட மூலையில் வைத்தாலும் சாகாது. ஆனால் புதிய இலைகளில் மஞ்சள் குறைந்து பச்சை மிகும். மஞ்சள் பகுதியில் பச்சையம் போதிய அளவு இல்லை. அந்த இடம் உணவு சமைப்பதற்கு உதவாது. வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி அத்தகைய ஆடம்பரங்களைக் குறைத்துக்கொள்கின்றது.

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பளிக்கும். நாம் புட்டியில் காணும் உள்ளங்கை அளவு இலை, இக்கொடியின் குழந்தைப் பருவத்து இலையே. மரத்தில் ஏறவிட்டால் இருபது மீட்டர் உயரம் வரை போகும். மேலே ஏறஏற இலை பெரிதாகிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு மீட்டர் நீளம் வரை வளர்ந்து, ஓரங்கள் கிழிந்து, வாழையிலை காற்றில் கிழிந்தாற்போல் தோன்றும். நம் பக்கத்துப் பழைய தோட்டங்களில் மரத்தின்மேல் முறம் அகல இலைகளோடு ஒரு கொடியைப் பார்த்து, "இது என்ன செடி?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கின்றார்கள். உங்கள் வீட்டுச் சன்னலில் இருப்பதுதான் என்றால் நம்புவதில்லை. தொங்கவிட்டால் இலை சிறுக்கும், ஏற்றிவிட்டால் இலை பெருகும். இதனை ஒரு கம்பையும் கொஞ்சம் தென்னை நாரையும் வைத்துக்கொண்டு நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

இனி, ஒன்றைப் பலவாக்கும் முறையைப் பார்ப்போம். முருங்கையைப் போத்து வைத்து வளர்க்கின்றோம். கரும்பைக் கரணை வைத்து வளர்க்கின்றோம். மல்லிகையைப் பதியன் போடுகின்றோம். இக்கொடிக்கும் விதை வேண்டுவதில்லை, துண்டு போதும். ஆனால் எந்தத் துண்டு?

கொடியைக் கையில் எடுத்து மெல்லத் தடவிப் பாருங்கள். இலை தோன்றும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கணு இருக்கும். அக்கணுவில் இலைக்கு எதிர்ப்புறமாகப் பழுப்பு நிறத்தில் மரு போன்ற ஒரு சிறு முனை தட்டுப்படும். அதுதான் வேராக இருப்பது. மரத்தில் இருந்தால் பட்டையைப் பற்றிக்கொள்ளும், தண்ணீரில் இருந்தால் நீண்டு இறங்கும். தண்டிலிருந்தும் இலையிலிருந்தும் தோன்றும் இத்தகைய வேர்களை வேற்றிட வேர்கள் என்று உங்கள் பாடநூல் சொல்லும். அதே கணுவில், இலைக்காம்பின் இடுக்கில் ஒரு மொட்டும் உறங்குகின்றது. வேருக்கு மருவும், தளிருக்கு மொட்டும் ஒரே இடத்தில் இருப்பதால் கணுதான் செடியின் உயிர்நிலை.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, அழகான இலை ஒன்றைக் காம்போடு கிள்ளித் தண்ணீரில் வைத்தாள். மூன்று வாரத்தில் காம்பின் அடியில் வேரும் வந்துவிட்டது. அவளுக்கு ஒரே மகிழ்ச்சி. பல மாதங்கள் கழித்துப் பார்த்தால் அதே ஒற்றை இலை, நிறைய வேர், அவ்வளவுதான், செடி வரவேயில்லை. காரணம் எளிது. அவள் எடுத்தது இலை. மொட்டைக் கொடியிலேயே விட்டுவிட்டாள். நீங்கள் மூன்று புட்டிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் இலை மட்டும், இரண்டாவதில் கணு இல்லாத வெறுந்தண்டு, மூன்றாவதில் இரண்டு கணுக்கள் உள்ள துண்டு என்று வைத்து, நாள்தோறும் குறிப்பு எழுதிவாருங்கள். ஒரு பாட நூலில் பத்துப் பக்கம் படிப்பதைக் காட்டிலும் அது மேலானது.

கூர்மையான கத்தியால் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். அடிக்கணுவில் உள்ள இலையை நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால் தண்ணீரில் அழுகி நாறும். வெட்டியதும் உள்ளே என்ன நிகழ்கின்றது? தண்டின் நுனியில் ஆக்சின் என்னும் ஒரு வளர்ச்சிப் பொருள் உண்டாகி, எப்போதும் கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்கின்றது. வெட்டிய இடத்தில் வழி அடைபட்டதும் அது அங்கே தேங்குகின்றது. அந்தத் தேக்கமே, 'வேர் விடு' என்னும் கட்டளையாக ஆகிவிடுகின்றது. நம் ஊர் வெப்பத்தில் பத்துப் பதினைந்து நாட்களில் வெள்ளை வேர்கள் தெரியத் தொடங்கும். குளிர் நாட்களில் இன்னும் சில நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். நிறமில்லாக் கண்ணாடிப் புட்டியில் வெளிச்சம் பட்டால் பச்சைப் பாசி படரும். பழுப்பு நிறப் புட்டியானால் அத்தொல்லை குறைவு.

மண்ணில் வைப்பதானால் செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்த, நீர் நிற்காத கலவை வேண்டும். தொட்டியின் அடியில் ஓட்டை வேண்டும். ஓட்டையின்மேல் ஓர் ஓட்டுச் சில்லு வேண்டும். மேல்மண்ணில் விரலை ஓர் அங்குலம் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும். இவற்றையெல்லாம் இருபத்தெட்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான்.

2018ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றபோது பழைய மாணவர்கள் சேர்ந்து நீலப் பூ வரைந்த பீங்கான் தொட்டி ஒன்றைப் பரிசாக அளித்தார்கள். மிக அழகான தொட்டி. மூன்றாண்டுகள் அதனைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். 2021ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், தாயாரின் கொடி பழைய புட்டியில் நெருக்குண்டு கிடப்பதாக எனக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. ஏரி வண்டலும் தொழு எருவும் கொண்டுவந்து, தொட்டியை நிரப்பி, கொடி முழுவதையும் அதில் நட்டேன். புட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஒரு துண்டைக்கூடப் புட்டியில் விட்டுவைக்கவில்லை. தொட்டியின் அடியில் ஓட்டை இல்லை என்பது எனக்குத் தெரியும். பரிசாக வந்த பொருளில் துளையிட மனம் வரவில்லை.

அந்த நவம்பர் மாதத்தில் சென்னையில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். சன்னல் வழியே சாரல் வேறு. நான் நாள்தோறும் ஒரு குவளை தண்ணீரும் ஊற்றினேன். இலைகள் மஞ்சளாயின. தண்ணீர் போதவில்லை போலும் என்று இரண்டு குவளை ஊற்றினேன்! அடித்தண்டு கறுத்தது, மண் நாறியது. பதறிப்போய் நுனிகளை வெட்டிப் புட்டியில் வைத்தேன்; அழுகல் அவற்றிலும் ஏறியிருந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புட்டியை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

நாற்பதாண்டு தண்ணீரிலேயே நின்ற செடி, தண்ணீர் மிகுந்ததால் சாவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வேருக்குத் தண்ணீரைப் போலவே உயிர்வளியும் இன்றியமையாதது. புட்டியில் உள்ள தெளிந்த நீரில் காற்று மேற்பரப்பின் வழியே கரைந்துகொண்டே இருக்கின்றது. நாம் நீரை மாற்றும்போது இன்னும் சேருகின்றது. அந்நீரில் பிறந்த வேரும் அதற்கேற்பவே அமைந்திருக்கும். வண்டல்மண் நீரில் ஊறினால் நிலைமை வேறு. மண்துகள்களின் இடையே இருந்த காற்றெல்லாம் வெளியேறிவிடுகின்றது. எருவைத் தின்னும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் உயிர்வளியையும் உறிஞ்சிவிடுகின்றன. மூச்சடைத்த வேரைப் பித்தியம் முதலிய அழுகல் நோய்க் கிருமிகள் எளிதில் பற்றுகின்றன. வேர் அழுகிய செடியால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே இலை தாகத்தால் வாடுவதுபோலவே வாடும். அதனைப் பார்த்து நாம் மேலும் நீர் ஊற்றுகின்றோம். வீட்டுச் செடிகளுள் பெரும்பாலானவை இவ்வாறுதான் இறக்கின்றன: நாம் மறந்ததனால் அன்று, மறவாமல் கவனித்ததனால்.

ஒருநாள் மாலை அடுத்த வீட்டுப் பையன் வாயிலில் வந்து நின்றான். அப்போது அவன் ஒன்பதாம் வகுப்பு. உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா?" என்றேன்.

"சார், உங்கள் செடி செத்துப்போய்விட்டது என்று அம்மா சொன்னார்கள்."

"ஆம், போய்விட்டது."

சற்று நேரம் தரையைப் பார்த்தான். பிறகு, "போன வருஷம் நீங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, சன்னலுக்கு வெளியே தொங்கிய நுனியைக் கிள்ளிக்கொண்டு போனேன், சார். திருடி வைத்தால்தான் வளரும் என்றார்கள். எங்கள் மாடிப்படியில் இருக்கிறது" என்றான்.

நான் செருப்பைக்கூட மாட்டாமல் அவன் வீட்டுக்கு நடந்தேன். கழுத்தை அறுத்த தண்ணீர்ப் புட்டி ஒன்றில், படிக்கட்டுக் கம்பியைச் சுற்றிக்கொண்டு, பதினோர் இலைகளோடு அது நின்றது. அவன் நான்கு கணுக்கள் உள்ள ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தான். கேட்டு வாங்கினால் வளராது என்று அவனும் கவலைப்பட்டான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அவன் கொடுத்தது என் தாயாரின் செடியினுடைய பிள்ளை என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு, தாவரவியல் ஆசிரியனுக்கு இந்தப் பிழை தகாது என்று தோன்றிற்று. விதையிலிருந்து வந்தால்தான் பிள்ளை. அதில் தாயின் கூறு பாதி, தந்தையின் கூறு பாதி. துண்டிலிருந்து வந்ததில் பாதி என்பது இல்லை. 1983இல் கறிவேப்பிலைக்குப் பதிலாகக் கைமாறிய செடி எதுவோ, அதுவேதான் என் கையில் இருந்தது. எதிர்வீட்டு அம்மையாரின் சன்னலில் இருந்ததும் அதுதான். அவருக்குக் கொடுத்தவர் வீட்டில் இருந்ததும் அதுதான்.

இன்னும் பின்னே போகலாம். உங்களுள் யாரேனும் மணி பிளாண்ட் பூத்துப் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. பூவைக் கொண்டு செடியின் இனத்தை வகுப்பது லின்னேயஸ் காலத்திலிருந்து வரும் வழக்கம். பூவாத செடியை என்ன செய்வது? 1880ஆம் ஆண்டில் லிண்டன், ஆந்திரே என்னும் இருவர் இதற்குப் 'போதாஸ்' இனத்துப் பொற்கொடி என்னும் பொருள்படப் பெயரிட்டார்கள். போதாஸ் என்பது லின்னேயஸ் சிங்கள மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட சொல். 1908இல் எங்ளர் என்னும் ஜெர்மானியர் இதனை வேறோர் இனத்தில் சேர்த்தார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு கொடி பூத்ததும் மீண்டும் பெயர் மாறிற்று. 1964இல் பண்டிங் என்பவர், இது 'எபிப்ரெம்னம்' இனத்தைச் சேர்ந்தது என்று கூறினார். அந்தப் பெயரே இன்றும் வழங்குகின்றது. எண்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு சாதாரண வீட்டுக்கொடி அறிஞர்களை இப்படி அலைக்கழித்தது.

அந்த 1964ஆம் ஆண்டே இக்கொடி தானாகப் பூத்ததாக அறியப்பட்ட கடைசி ஆண்டு. ஏன் பூப்பதில்லை என்பதற்கு விடை 2016ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. ஜப்பானில் நெற்பயிர் அளவுக்கு மீறி நெட்டையாக வளர்ந்து சாயும் ஒரு நோய் உண்டு. 1926இல் குரோசாவா என்னும் ஜப்பானியர், ஒரு பூஞ்சை வடிக்கும் பொருளே அதற்குக் காரணம் என்று கண்டார். ஜிப்ரலின் என்று பின்னர்ப் பெயர் பெற்ற அப்பொருளைச் செடிகளும் தமக்குள் உண்டாக்கிக்கொள்கின்றன. தண்டு நீளவும், பல செடிகளில் பூ அரும்பவும் அது துணை செய்கின்றது. நம் கொடியில் அதனை முடிவுவரை சமைத்துக் கொடுக்க வேண்டிய மரபணு ஒன்று சரிவர வேலை செய்வதில்லை என்பதை அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து ஒரு குழுவினர் கண்டறிந்தனர். ஜிப்ரலினை வெளியிலிருந்து தெளித்தபோது செடி பூத்தது! பூக்கும் வழி மறைந்துவிடவில்லை, திறவுகோல்தான் தொலைந்திருக்கின்றது.

ஆகவே, நம் சன்னல்களில் இருக்கும் இந்தப் பொன்வரிக் கொடிகள் துண்டின் துண்டு, அதன் துண்டு என்று மனிதர் கையிலிருந்து மனிதர் கைக்கு வந்தவை. காற்றும் வண்டும் பறவையும் செய்யும் வேலையை இதற்குச் செய்துவருபவர்கள் எதிர்வீட்டு அம்மையார்களும், ஒன்பதாம் வகுப்புப் பையன்களும். இதில் ஓர் இடரும் உண்டு. எல்லாம் ஒரே உடலின் கூறுகளாதலால் ஒன்றைக் கொல்லும் நோய் மற்றெல்லாவற்றையும் கொல்லக்கூடும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் என்னும் வாழை, கன்று வைத்தே பெருக்கப்பட்டதால், வாடல் நோய் ஒன்றினால் பெருந்தோட்டங்களிலிருந்து மறைந்ததை இங்கே நினைவிற் கொள்ளலாம்.

பையனின் புட்டியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அதன் தண்ணீரைக் கூர்ந்து பார்த்தபோது, நெளிந்து நெளிந்து மேலும் கீழும் போகும் சிறு புழுக்களைக் கண்டேன். கொசுப்புழுக்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த நீரையே நாடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய எட்டுப் பத்து நாட்கள் போதும். எனவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி மாற்றினால் புழு கொசுவாகாது. கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிப் புட்டியின் சுவரில் பற்றிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகையால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அன்று நாங்கள் இருவரும் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு அதைத்தான் செய்தோம். மணி பிளாண்ட் வளர்ப்பவர்களுள் இதைச் செய்யாதவர்கள் வளர்ப்பது கொசுவை.

சேப்பங்கிழங்கும் கருணையும் நாக்கில் ஏன் அரிக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். அவற்றில் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. இக்கொடியும் அதே சேம்புக் குடும்பம். அதே ஊசிகள் இதிலும் உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். வேண்டாத கொடியைக் கத்தரித்து ஏரிக்கரையிலோ தோப்பிலோ எறியவும் வேண்டாம். இலங்கையில் கண்டி நகரத்து உடவத்தைக் காட்டில் இது புகுந்து, தரையையும் மரங்களையும் மூடி, அங்கிருந்த செடிகளுக்கு இடமில்லாமல் செய்திருக்கின்றது. வெயிலில் நன்றாக உலர்த்திவிட்டு எருக்குழியில் போடுவதே முறை.

இது வீட்டுக் காற்றைத் தூய்மை செய்யும் என்று கடைக்காரர்கள் சொல்லுவார்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் சார்பில் 1989இல் நடந்த ஆய்வொன்றைச் சான்று காட்டுவார்கள். அந்த ஆய்வு காற்றுப் புகாத சிறு பெட்டிகளில் நடந்தது. 2019இல் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி மறுகணக்கிட்ட இருவர், திறந்த சன்னல் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று காட்டினார்கள். அத்தனை செடிகளை வைத்தால் நாம் எங்கே உட்காருவது? சன்னலைத் திறந்து வைப்பது சுலபம்.

பையன் தந்த துண்டு இப்போது பழைய ஹார்லிக்ஸ் புட்டியிலேயே இருக்கின்றது. என் மனைவி அலமாரியிலிருந்து தானே எடுத்துக்கொண்டு வந்தாள். பீங்கான் தொட்டியில் பேனாக்களைப் போட்டு வைத்திருக்கின்றேன். பையன் 2025ஆம் ஆண்டில் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். புறப்படும் நாளன்று வந்து, கேட்டே ஒரு துண்டு வாங்கிச் சென்றான். சென்ற மாதம் விடுதியிலிருந்து தொலைபேசியில் பேசினான். செடியை மண்ணுக்கு மாற்றியிருப்பதாகவும், இலைகள் மஞ்சளாவதாகவும் சொன்னான். தண்ணீர் எப்படி ஊற்றுகிறாய் என்று கேட்டேன். "தினமும் மறக்காமல் ஊற்றுகிறேன், சார்" என்றான். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கின்றதா என்றேன். பார்த்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டான்.